குற்றம் செய்தவர் என்று தெரிந்தும் அவருக்காக வாதாடுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒன்றுதான். 'தி பிராக்டிஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்திருக்கிறீர்கள். அதில் வரும் பாஸ்டன் வழக்கறிஞர்கள், வேறு வழியே இல்லாதபோது கொலைப்பழியை இன்னொருவர் மேல் திருப்பித் தங்கள் கட்சிக்காரரை மீட்டுவிடுகிறார்கள். நாகர்கோவில் நீதிமன்றத்தில் இது நடக்குமா என்பது முதல் வரி. நீங்கள் கருங்கல் பக்கத்தவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சட்டம் படிக்கலாமா என்று யோசிக்கிறவர் என்று சொல்லிவிட்டு, கடைசியில் "செய்தவன் என்று தெரிந்தும் எப்படி மனசாட்சியோடு வாதாட முடிகிறது?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். முதல் வரிக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

என் எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். 26 ஆண்டுகளாகக் குற்ற வழக்குகளில் எதிரி தரப்பில் வாதாடி வருகிறேன். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல் நீதிமன்றங்கள்தான் என் உலகம். அமெரிக்க நீதிமன்றத்தில் நின்றதில்லை. அங்குள்ள நடைமுறை பற்றிச் சொல்வது வாசிப்பிலிருந்து வருவது. என் வழக்குகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆட்கள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். 'எதிரி' என்ற சொல்லைக் கண்டு நீங்கள் திகைக்கக்கூடும். தமிழ்நாட்டு நீதிமன்ற ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் எழுதுகிறோம்: முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்று. எதிர்த்தரப்பில் நிற்பவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒரு மனிதரை அந்தச் சொல்லால் மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது எனக்கு இன்றும் பிடிப்பதில்லை.

தொடரைப் பற்றி. 1997 முதல் 2004 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. அதை உருவாக்கிய டேவிட் இ. கெல்லி அதற்கு முன் பாஸ்டனில் வழக்கறிஞராக இருந்தவர். அதனால் வழக்கறிஞர் அலுவலகத்தின் களைப்பும் சண்டையும் அதில் உண்மையாக இருக்கின்றன. நீங்கள் குறிப்பிடும் உத்தியை அவர்கள் 'பிளான் பி' என்று அழைப்பார்கள். அந்த மேடையில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கொலை வழக்கைத் தீர்மானிப்பது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த 12 பேர் கொண்ட ஜூரி. பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொன்னால்தான் தண்டனை. அவர்கள் காரணம் எழுத வேண்டியதில்லை. ஆகவே ஒரே ஒருவர் மனத்தில் "அந்த இன்னொருவர் செய்திருப்பாரோ" என்ற எண்ணம் விழுந்துவிட்டாலே வழக்கு நின்றுவிடும். வழக்கறிஞரின் குரலும் முகமும் நடையும் அங்கே வேலை செய்யும்.

நம்மிடம் ஜூரி கிடையாது. 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் குற்றவாளி இல்லை என்றார்கள். அதை ஏற்காத நீதிபதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு அதுதான் என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியல்ல. அதன் பிறகும் சில இடங்களில் ஜூரி விசாரணை நடந்தது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் அதை முடித்துவைத்தது. இன்று நம் அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்தில் ஒரே நீதிபதி எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதுகிறார். அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் மதுரைக்குப் போகும். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வருவதற்கு முன் சென்னைக்குப் போகும். நாங்களும் வழக்குக் கட்டுக்களைத் தூக்கிக்கொண்டு இரவு ரயிலில் போவோம். மேலே இருவர் அமர்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள் என்று தெரிந்த நீதிபதியிடம், சான்று இல்லாமல் "இவர் செய்யவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் செய்தார்" என்று நாடகத்தனமாகச் சொல்வதால் எதுவும் கிடைக்காது.

கிடைக்காமல் போவதோடு முடிந்தாலும் பரவாயில்லை. ஆபத்தும் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் நாங்கள் எங்கள் தரப்பைச் சாட்சியின் முன் எடுத்துவைப்போம். "சம்பவ நேரத்தில் நீங்கள் அங்கே இல்லவே இல்லை என்கிறேன்" என்று கேட்டால், அவர் மறுப்பார். "நான் அங்கே இல்லை என்று சொன்னால் சரியல்ல" என்று வாக்குமூலத்தில் பதிவாகும். இப்படி எடுத்துவைப்பது சாட்சியம் ஆகாது என்று இளையவர்களாக இருந்த காலத்தில் நாங்கள் பலர் துணிச்சலாக எதையும் கேட்டுவிடுவோம். 2023-ல் பாலு சுதாம் கால்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வழக்கறிஞர் எடுத்துவைக்கும் கருத்தும் அதற்குச் சாட்சி தரும் பதிலும் சேர்ந்து எதிரிக்கு எதிராகவே பயன்படலாம். "நீங்கள் முதலில் அடித்ததால்தானே என் கட்சிக்காரர் திருப்பி அடித்தார்?" என்று கேட்டுவிட்டால், அவர் அந்த இடத்தில் இருந்தார் என்பதை நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். தொடரில் கைதட்டல் வாங்கும் ஒரு கேள்வி இங்கே ஒருவரை ஆயுள் சிறைக்கு அனுப்பலாம். நான் முன்கூட்டியே எழுதிவைக்காத கேள்வியை நீதிமன்றத்தில் கேட்க என் சீனியர் விடமாட்டார். பதினைந்து கேள்வி எழுதிக்கொண்டு போனால் எட்டை அடித்துவிடுவார். "பதில் தெரியாத கேள்வியைக் கூண்டில் நிற்பவரிடம் கேட்காதே" என்பார்.

அப்படியானால் வழக்கு எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது? காகிதத்தில். தொடரில் கதவைத் திறந்துகொண்டு கடைசி நேரச் சாட்சி வருவார். இங்கே காவல்துறை இறுதி அறிக்கையோடு சாட்சிகளின் பட்டியலையும், அவர்கள் சொன்னதாகப் பதிவு செய்த வாக்குமூலங்களையும், மகஜர்களையும் (சம்பவ இடத்தில் பார்த்ததையும் கைப்பற்றியதையும் சாட்சிகள் முன் எழுதும் குறிப்புகள்), பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் கொடுக்க வேண்டும். அவற்றின் நகல் எதிரிக்கு இலவசமாகக் கிடைக்கும். பழைய நடைமுறைச் சட்டத்தில் 207-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 230. புதிய சாட்சியை நடுவில் அழைக்க வேண்டுமென்றால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆகவே ஒரு கொலை வழக்குக் கட்டு என் மேசைக்கு வந்தால் முதல் வாரம் நான் யாரிடமும் பேசுவதில்லை. நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுவேன். சம்பவம் எத்தனை மணிக்கு, அடிபட்டவர் மருத்துவமனைக்கு எத்தனை மணிக்கு வந்தார், விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் என்ன எழுதினார், முதல் தகவல் அறிக்கை எத்தனை மணிக்குப் பதிவானது, அது குற்றவியல் நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவர் அதில் நேரத்தை எழுதிக் கையெழுத்திடுவார். அந்த நேரத்தை யாரும் மாற்ற முடியாது.

விபத்துப் பதிவேட்டின் நகல் சாதாரணக் காகிதம்; ஆனால் நான் முதலில் தேடுவது அதைத்தான். அடிபட்டவரை இரவில் தூக்கிக்கொண்டு வரும்போது, பணியில் இருக்கும் மருத்துவர் அவரிடமோ அழைத்து வந்தவரிடமோ கேட்டு, "தெரிந்த இரண்டு நபர்கள் கத்தியால் தாக்கியதாகக் கூறினார்" என்பதுபோல் ஒரு வரி எழுதுவார். அப்போது யாருக்கும் யோசித்துப் பேச நேரம் இருந்திருக்காது. மறுநாள் காலை முதல் தகவல் அறிக்கையில் அந்த இரண்டு பேர் ஆறு பேராகியிருந்தால், இடைப்பட்ட நேரத்தில் யாரோ உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்று பொருள். 1972-ல் நம் மாநிலத்திலிருந்து போன துலியா காளி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: புகார் தாமதமாகும்போது நடந்தது மங்கிப் புனைவும் மிகையும் ஏறிக்கொள்ளும். ஆனால் தாமதம் மட்டுமே வழக்கை உடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மலையோரத்திலிருந்து வண்டி கிடைக்காமல் வந்தார்கள் என்று நியாயமான காரணம் சொன்னால் நீதிமன்றம் ஏற்கும், ஏற்கத்தான் வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று மொழி. விளவங்கோடு, கல்குளம் பகுதிச் சாட்சி தன் பேச்சில் சொல்வதைக் காவல் நிலையத்தில் தங்கள் நடையில் எழுதிவிடுவார்கள். ஒரு வழக்கில் எல்லா வாக்குமூலத்திலும் 'அரிவாள்' என்று இருந்தது. நீதிமன்றத்தில் சாட்சி 'வெட்டுக்கத்தி' என்றார். அங்கே அரிவாள் என்றால் கதிர் அறுப்பது. மரக்கிளையையும் தேங்காயையும் வெட்டுவது வெட்டுக்கத்தி. இரண்டின் அலகும் எடையும் வேறு. அவை உண்டாக்கும் காயமும் வேறு. ஆயுதம் மாறிவிட்டது என்று வாதாட எனக்குச் சட்டப்படி இடம் இருந்தது. ஆனால் அந்தச் சாட்சி பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எழுதியவரின் சொல் அது. நான் அதை எடுக்கவில்லை. இதைச் சரி என்று எல்லா வழக்கறிஞர்களும் சொல்ல மாட்டார்கள். கட்சிக்காரருக்குப் பயன்படும் முரண்பாட்டை விட்டுவிட எனக்கு உரிமை இல்லை என்று என் நண்பர் ஒருவர் இன்றும் வாதாடுகிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த வழக்கில் வேறு வலுவான வாதங்கள் இருந்ததால் எனக்கு அந்த முடிவு எளிதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழக்கு. ரப்பர் தோட்டத்தில், ஐப்பசி மாதம், இரவு ஏழரை மணி. இருபது மீட்டர் தொலைவிலிருந்து வெட்டியவரின் முகத்தைப் பார்த்ததாக ஒரே சாட்சி. என் கட்சிக்காரர் பால் வெட்டும் தொழிலாளி. நான் அடுத்த ஐப்பசியில் அதே நேரத்துக்கு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் தை, மாசியில் நிலா வெளிச்சம் தரை வரை வரும். மழைக்காலத்தில் மேலே கூரை போட்டதுபோல் இருக்கும். என் குமாஸ்தாவை இருபது மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னேன். வெள்ளைச் சட்டை தெரிந்தது, முகம் தெரியவில்லை. இதை நான் நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. நான் சாட்சி இல்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் எந்த விளக்கும் குறிக்கப்படவில்லை. காவல்துறையிடம் சாட்சி சொன்னதிலும் வெளிச்சம் பற்றிப் பேச்சில்லை. முதன்முறையாகக் கூண்டில் ஏறித்தான் "பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது" என்றார். முக்கியமான ஒன்றை முதலில் சொல்லாமல் விட்டுப் பிறகு சேர்ப்பது முரண்பாட்டுக்குச் சமம் என்பது சட்டம். விசாரணை அதிகாரியிடம் மூன்று கேள்விதான் கேட்டேன். வரைபடத்தில் விளக்கு இருக்கிறதா? இல்லை. மகஜரில்? இல்லை. சாட்சி உங்களிடம் சொன்னாரா? சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கட்சிக்காரர் விடுதலையானார்.

அவர் செய்தாரா? எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் கேள்விக்கு வருவதற்காகத்தான் இதைச் சொன்னேன். "செய்தவன் என்று தெரிந்தும்" என்கிறீர்கள். தொடரில் பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும்; கேமரா சம்பவத்தைக் காட்டிவிடும். எங்களுக்குக் கிடைப்பது கட்டு மட்டும். கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் "நான் செய்யவில்லை" என்கிறார்கள். சிலர் சொல்வது உண்மை, சிலர் சொல்வது பொய், பலர் சொல்வதில் இரண்டும் கலந்திருக்கும். நான் யாரிடமும் "நீங்கள் செய்தீர்களா?" என்று கேட்பதில்லை. "போலீஸ் என்ன சொல்கிறது, அதில் எது தவறு?" என்று கேட்பேன். இது தந்திரம் என்று தோன்றலாம். என் முடிவை நானே எழுதிவிட்டால் அதற்குப் பிறகு கட்டைத் திறந்த கண்ணோடு படிக்க முடியாது என்பதுதான் காரணம். குற்றவாளி என்று நான் உறுதியாக நம்பிய இருவர் விஷயத்தில் பிறகு என் நம்பிக்கை தவறென்று தெரிந்திருக்கிறது.

சில நேரம் தெரிந்தும்விடும். கட்சிக்காரரே சொல்வார். அப்போது சட்டம் என்ன சொல்கிறது என்பதில் சந்தேகமில்லாத பகுதி இது: தொழில் முறையில் அவர் என்னிடம் சொன்னதை அவர் சம்மதமின்றி நான் வெளியே சொல்லக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 126-ஆம் பிரிவு, புதிய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132. இனி ஒரு குற்றம் செய்வதற்காக என்னிடம் ஆலோசனை கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நடந்து முடிந்ததைச் சொன்னால் உண்டு. இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளும், ஒருவர் குற்றவாளியா இல்லையா என்ற என் சொந்த எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவருக்காக வாதாட வேண்டும் என்கின்றன. போதிய சாட்சியம் இல்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்ற சட்டத்துக்குத்தான் என் விசுவாசம் என்று அவை காரணமும் சொல்கின்றன. சில ஊர்களில் வழக்கறிஞர் சங்கங்கள் "இந்த வழக்கில் யாரும் ஆஜராகக் கூடாது" என்று தீர்மானம் போடும். 2010-ல் கோயம்புத்தூரிலிருந்து போன முகமது ரஃபி வழக்கில் அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான் எதைச் செய்யக் கூடாது என்பதும் அதே அளவுக்குத் தெளிவு. பொய் என்று எனக்குத் தெரிந்த சாட்சியைக் கூண்டில் ஏற்றக் கூடாது. நிரபராதி என்று எனக்குத் தெரிந்த ஒருவர் மேல் பழியைத் திருப்பக் கூடாது. தொடரின் 'பிளான் பி' அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. அதைத் தாண்டுகிறோம் என்று அந்தக் கதாபாத்திரங்களுக்கே தெரிகிறது என்பது அந்தத் தொடரின் நேர்மை. அரசுத் தரப்புச் சாட்சியத்தின் வலுவைச் சோதிப்பது என் கடமை. அதற்குப் பதிலாக ஒரு பொய்யைக் கட்டி எழுப்புவது கடமை இல்லை. இரண்டுக்கும் இடையில் மங்கலான பகுதி ஒன்றும் உண்டு. சாட்சி உண்மை பேசுகிறார் என்று தெரிந்தும் "நீங்கள் பார்க்கவில்லை என்கிறேன்" என்று எடுத்துவைப்பது எந்தப் பக்கம் சேரும்? அனுபவமுள்ளவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. நான் அந்த நிலையில் "எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம்" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஒருவர் என்னிடம் ஒப்புக்கொண்ட வழக்கைச் சொல்கிறேன். வேலித் தகராறு. உறவினர் இருவருக்குள் பேச்சு முற்றி, கையில் இருந்த மண்வெட்டிக் கணையால் (கைப்பிடியால்) ஒரே அடி. தலையில் பட்டு மூன்றாம் நாள் இறந்துபோனார். கொலை வழக்கு. கட்சிக்காரர் முதல் சந்திப்பிலேயே அழுதுகொண்டு சொல்லிவிட்டார். அவருடைய அண்ணன் மறுநாள் தனியாக வந்து, "அன்று தம்பி என்னோடு திருவனந்தபுரத்தில் இருந்தான் என்று நான் சாட்சி சொல்கிறேன் சார்" என்றார். அவரைத் திருப்பி அனுப்பினேன். வேறு வழக்கறிஞரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கோபித்துக்கொண்டார், பிறகு வந்தார். சம்பவத்தை நான் மறுக்கவில்லை. முன்திட்டம் இல்லை, ஆயுதம் கொண்டு போகவில்லை, திடீர்ச் சண்டை, ஒரே அடி என்பதை அரசுத் தரப்புச் சாட்சிகள் வாயாலேயே வரவழைத்தேன். கொலைக்குப் பதிலாக, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றத்தின் இரண்டாம் பகுதியில் தண்டனை கிடைத்தது. ஆயுள் முழுதும் என்பது சில ஆண்டுகள் ஆனது. செய்தவருக்காக வாதாடுவது என்றால் பெரும்பாலும் இதுதான்: அவர் செய்ததற்கு உரிய பெயரை, உரிய அளவை நீதிமன்றம் சரியாகக் கண்டுபிடிக்க வைப்பது.

ஒப்புக்கொண்டதால் மட்டும் தண்டனை கொடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதலைச் சட்டம் சாட்சியமாக ஏற்பதில்லை. அந்த ஒப்புதலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். பழைய 25, 27 பிரிவுகள், இன்று 23-ஆம் பிரிவு. நம் மாநிலத்தில் இந்தக் கட்டத்தில் எப்போதும் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் இருப்பார். எதிரி அவர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார், அவர் முன்னிலையில் புதரிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தார் என்று கட்டு சொல்லும். பல நேரம் அது உண்மையாக நடந்திருக்கும். சில நேரம் அந்த அலுவலர் காவல் நிலைய மேசையில் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார். எது எது என்று பிரித்துப் பார்க்க ஒருவர் வேண்டும். சுசீந்திரம் கோயிலில் முன்பு 'கைமுக்கு' என்று ஒன்று நடந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும்; கை வெந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில்தான் அது நிறுத்தப்பட்டது. நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவரின் உடம்பின் மேலேயே இருந்த காலம் அது. இன்று அந்தச் சுமை அரசின் மேல் இருக்கிறது. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) போன்ற சில சட்டங்களில், போக்சோவில் 29, 30 பிரிவுகள் வழியாக, அதில் ஒரு பங்கு எதிரி பக்கம் வந்திருக்கிறது. அங்கே எங்கள் வேலை இன்னும் கடினம். போக்சோ வழக்குகளில் குழந்தையிடம் நான் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர் கேட்பார். அது மிகச் சரியான விதி.

தொடர்கள் காட்டாத கடினமான வழக்கு ஒன்று உண்டு: செய்யாதவரின் வழக்கு. கடற்கரை ஊர் ஒன்றில் இரு பிரிவினர் மோதல். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மேல் வழக்கு; அதில் என் கட்சிக்காரரும் ஒருவர். அன்று அவர் கொச்சியிலிருந்து புறப்பட்ட ஆழ்கடல் படகில் இருந்தார். நம் மேற்குக் கடற்கரை ஊர்களில் இது வழக்கம். போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். வேறிடத்தில் இருந்தேன் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு எதிரி மேல்தான். டீசல் ரசீது படகு உரிமையாளர் பெயரில். உடன் போனவர்கள் எல்லோரும் அதே ஊர்க்காரர்கள், ஆகவே 'ஆர்வமுள்ள சாட்சிகள்', அதாவது அவர் பக்கம் சாய்ந்து பேசக்கூடியவர்கள். பங்குக் கணக்கு எழுதிய நோட்டில் அவருடைய வீட்டுப் பெயர் மட்டும் இருந்தது. கும்பல் வழக்குகளில் குறைந்தது இரண்டு மூன்று சாட்சிகள் ஒருவரைச் சீராக அடையாளம் காட்ட வேண்டும் என்று 1964-ல் மசால்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிச்சயம் ஜெயிக்கலாம் என்று நம்பினேன். ஆனால் விசாரணை தொடங்கவே ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்க வேண்டும். நாற்பது பேரில் ஒருவர் வராவிட்டாலும் வழக்கு தள்ளிப்போகும். ஒரு நாள் வந்து, "குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடுகிறேன், இந்த அலைச்சல் போதும்" என்றார். தடுத்தேன், போதுமான அளவு தடுக்கவில்லை. அபராதம் கட்டினார். இரண்டு வருடம் கழித்து வளைகுடாவில் வேலை கிடைத்தபோது காவல்துறையின் நன்னடத்தைச் சான்றில் அந்தத் தண்டனை வந்து நின்றது. வேலை போய்விட்டது. அந்த வழக்கைத்தான் நான் தோற்றதாக நினைக்கிறேன்.

மனசாட்சி பற்றி நேராகவே சொல்கிறேன். ரப்பர் தோட்ட வழக்கில் விடுதலை வந்த சில வாரங்களில், வடசேரி பஸ் நிலையத்தில் இறந்தவரின் தாயைப் பார்த்தேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டவில்லை, அழவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். சின்ன மாவட்டம் இது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அவர்களையெல்லாம் சந்தித்துக்கொண்டேதான் இருப்போம். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. விசாரணை அதிகாரி விளக்கைப் பற்றி அன்றே கேட்டு எழுதியிருந்தால், வேறு ஒரு சாட்சியைத் தேடியிருந்தால் வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கலாம். அது என் வாதம். அந்தத் தாய்க்கு அது ஆறுதல் ஆகாது. இரண்டும் உண்மை. இந்தக் கனம் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் பழகவில்லை, பழகாததால்தான் கட்டை இன்னும் கவனமாகப் படிக்கிறேன் என்று நினைக்கிறேன்.

பணம் இல்லாதவர்களுக்கு யார் வாதாடுவார் என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். காவலில் இருக்கும் யாருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைக்க 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் உண்டு. சட்டம் படித்துவிட்டு அங்கிருந்து தொடங்கும் இளைஞர்களை நான் மதிக்கிறேன்.

சேரலாமா வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது. அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நீதிமன்றம் பொது இடம். போக்சோ, பாலியல் குற்ற வழக்குகள் தவிர மற்ற விசாரணைகளை யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். ஒரு வேலை நாளில் காலை பத்தரைக்குள் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்துக்கு வாருங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். சாட்சி விசாரணை நடக்கும் அமர்வு நீதிமன்றம் எது என்று வாசலில் நிற்கும் டவாலியிடம் கேட்டால் சொல்வார். வழக்கறிஞர்களைப் பார்க்க வேண்டாம். நீதிபதி எந்தப் பதிலைக் கேட்டவுடன் தலை குனிந்து எழுதுகிறார் என்று மட்டும் பாருங்கள். மதிய உணவு வரை இருந்தால் போதும். முதல் நாள் வெறும் வாய்தாவாகவே போய்விட்டால் மறுநாளும் வாருங்கள். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.